அப்பன் பியானோவும் லேப்டாப் பியானோவும்

மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, காயப் போட்டு, ஈரோட்டு மண்டிக்கு அனுப்பியாச்சு. விலை என்னாச்சுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அதைத் தனியா எழுதறேன். இந்த மூணு மாசமா என் மண்டைக்குள்ள ஓடிட்டிருந்தது மஞ்சள் இல்லீங்க, பியானோ.

சிரிக்காதீங்க. கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்துல மூணு ஏக்கர் வெச்சிருக்கறவனுக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்னு எங்க வீட்டம்மாவே தினம் கேட்டுட்டுதான் இருந்தா. சம்பந்தம் இருக்கு. தொண்ணூறுகள்ல நான் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவுல காங்கோ வாசிச்சேன். பகல்ல களை வெட்டறது, ராத்திரியில சத்தி, அந்தியூர், பவானின்னு கோயில் நோம்பிகளுக்குப் போறது. பத்து வருசம் அப்படி ஓடுச்சு. எங்க குழுவுல கீபோர்டு வாசிச்சவன் என் கூட்டாளி. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். அவன் போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருசம் ஆகுது. அப்ப அவன் பொண்ணுக்கு மூணு வயசு.

அவன் வாசிச்ச கீபோர்டு ஜப்பான் கம்பெனிச் சரக்கு. பேர் எதுக்கு, விடுங்க. 61 கட்டை, பிளாப்பி போடற சந்து ஒண்ணு, உள்ளுக்குள்ள ஸ்பீக்கர் கிடையாது, தனியா ஆம்ப்ளிஃபயர் பெட்டியில மாட்டணும். கடன் வாங்கித்தான் வாங்கினான். அவன் போனதுக்கப்புறம் அவன் சம்சாரம், "இது எங்க வீட்டுல இருந்தா எலி கடிச்சிரும்ணா, நீங்களே வெச்சிருங்க"ன்னு கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. அதை விக்கச் சொல்லி ஆள் மேல ஆள் வந்தாங்க. நான் விக்கலை. அட்டாலி மேல பழைய போர்வை சுத்தி வெச்சிருந்தேன். அந்தப் பொண்ணு ஒன்பது வயசுல ஒரு நாள் வந்து, "மாமா, எங்கப்பா பெட்டியைப் பாக்கலாமா?"ன்னு கேட்டப்பதான் கீழ இறக்கினேன். அன்னைக்கிருந்து ஆறு வருசமா எங்க ஆசாரத்துல உக்காந்துதான் அம்மிணி வாசிக்குது.

எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. ச ரி க ம எந்தக் கட்டைன்னு காட்டிக் குடுத்ததோட சரி. அப்புறம் ஈரோட்டுல ஒரு டீச்சர்கிட்ட சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறிப் போக ஆரம்பிச்சுது. அவங்க வீட்டுல நிஜப் பியானோ இருக்கு. சுவரோரமா நிக்கிற மாதிரி ஒண்ணு. டிரினிட்டி கிரேடு பரிச்சைக்கு அந்த டீச்சர்தான் தயார் பண்றாங்க. பரிச்சை பியானோவுலதான், கீபோர்டுல இல்லை.

தை மாசம் நானும் கூடப் போயிருந்தேன். டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு விரல் நல்லா ஓடுதுங்க. ஆனா எல்லா விரலும் ஒரே எடையில விழுது. மெதுவா வாசிக்கவே தெரியல. பெடலை மிதிச்சா எடுக்கத் தெரியல. இப்படியே போனா பரிச்சையில மார்க் போட மாட்டாங்க"ன்னாங்க. சங்கடமா இருந்துச்சு. அம்மிணி அதே பாட்டை எங்க வீட்டுல வாசிக்கறதைத் தினமும் கேட்டுட்டிருக்கேன், எனக்கு ஒரு குறையும் தெரியலையே. இந்த நிஜப் பியானோவுல வாசிக்கறப்ப மட்டும் ஏன் கல்லு உடைக்கற மாதிரி கேக்குதுன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசனை. அம்மிணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை.

எங்க தம்பி மகன் கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கான். பொழுது போக்குக்குப் பியானோ வாசிப்பான். மாசிப் பட்டத்துக்கு உழவு ஓட்டிட்டிருந்தப்ப வந்தான். விசயத்தைச் சொன்னேன். "கட்டையைத் தொட்டுப் பாக்கறேன் பெரியப்பா"ன்னு போய் உக்காந்தான். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான், ஒரு ஒயரை எடுத்தான், கீபோர்டோட முதுகுல மாட்டினான். மிடி ஒயர்ங்கறான். 1983ல வந்த ஏற்பாடாம். அந்தப் பழைய பெட்டியும் நேத்து வாங்குன லேப்டாப்பும் அது வழியாப் பேசிக்குதுங்க. ஆனா அந்த ஒயருக்குள்ள சத்தம் போறதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமா அமுக்குனாங்க, எப்ப விட்டாங்க, பெடல் மிதிச்சிருக்கா, இந்தத் தகவல் மட்டுந்தான் போகுது. வேகத்துக்கு 1லிருந்து 127 வரைக்கும் ஒரு எண். கட்டைக்கு அடியில ரெண்டு தொடுப்பு இருக்கு, முதல் தொடுப்புக்கும் ரெண்டாவது தொடுப்புக்கும் நடுவுல ஆன நேரத்தை வெச்சு அந்த எண்ணைக் கணக்குப் போடுதாம். சத்தம் பூரா லேப்டாப்புல உண்டாகி, நம்ம பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி வழியா வெளிய வரும்.

அந்த மென்பொருள் பேர் பியானோடெக். பிரான்சுல துலூஸ்ங்கற ஊர்ல இருக்கிற மோதார்ட்ங்கற கம்பெனி பண்ணுனது, முதல் பதிப்பு 2006ல வந்திருக்கு. அதை ஆரம்பிச்சவர் பிலிப் கியோம்னு ஒரு கணக்கு வாத்தியார். கணக்குக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் பியானோ சுருதி சேக்கற வேலை பாத்தவராம். கையில சாவியும் அழுக்குமா வேலை செஞ்ச ஆளு அப்புறம் கணக்கு எழுதி அதே பியானோவை உண்டாக்கியிருக்கார். அதைக் கேட்டவுடனே எனக்கு அந்தச் சாமான் மேல ஒரு மரியாதை வந்துச்சுங்க.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன்.

கீபோர்டுக்குள்ள இருக்கிற பியானோ, நிஜப் பியானோவை எங்கயோ ஸ்டுடியோவுல வாசிக்க வெச்சுப் பதிவு பண்ணினது. வத்தல் மாதிரி. கத்தரிக்காயை அறுத்துக் காய வெச்சுப் பானையில போட்டுட்டா, வேணுங்கறப்ப எடுத்து ஊற வெச்சுக் குழம்பு வெச்சுக்கலாம். என்னைக்கு எடுத்தாலும் அன்னைக்குக் காய வெச்ச ருசிதான். ஆனா அந்தக் காலத்துல பானை ரொம்பச் சின்னது. சிடி தரத்துல ஒரு நிமிசப் பாட்டுக்கே 10 எம்பி இடம் வேணும். பியானோவுல அடிக்கட்டை ஒண்ணை அமுக்கிப் பிடிச்சா சத்தம் அடங்க அரை நிமிசத்துக்கு மேலயும் ஆகும். அப்படி 88 கட்டை. மெதுவா ஒரு தடவை, நடுத்தரமா ஒரு தடவை, பலமா ஒரு தடவைன்னு எல்லாத்தையும் பதிவு பண்ணினா எவ்வளவு ஆகும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. அந்தக் கீபோர்டுக்குள்ள பியானோ, புல்லாங்குழல், வயலின், டிரம் எல்லாம் சேந்தே சில எம்பிதான். நீங்க வாட்ஸப்புல அனுப்பற வீடியோ அதைவிடப் பெருசு.

அதனால என்ன பண்ணுனாங்கன்னா, மூணு நாலு கட்டைக்கு ஒண்ணைப் பதிவு பண்ணி, பக்கத்துக் கட்டைகளுக்கு அதையே இழுத்தும் சுருக்கியும் விட்டாங்க. சத்தத்தோட முதல் பாகத்தை மட்டும் முழுசா வெச்சுட்டு, மிச்சத்துக்கு ஒரு துணுக்கைத் திருப்பித் திருப்பி ஓட விட்டுச் சத்தத்தை மட்டும் குறைச்சுட்டே போனாங்க. கச்சேரியில எவன் அரை நிமிசம் காது குடுத்துக் கேக்கறான்? அதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இருந்த பானைக்குள்ள பண்ணுன கெட்டிக்காரத்தனம். இப்ப வர்ற பதிவுப் பியானோக்கள் பத்து இருபது ஜிபிக்கு மேல போகுதாம், அதுல இந்தக் குறையெல்லாம் ரொம்பவே கம்மின்னு பையன் சொன்னான். எங்க பெட்டி அந்தக் காலத்துது.

பியானோடெக்ல பதிவே கிடையாது. எல்லாம் சேத்து 50 எம்பி சுமாருக்குத்தான். சுத்தியல்ல ஒட்டியிருக்கிற கம்பளி எவ்வளவு கெட்டி, அது கம்பியை எந்த இடத்துல அடிக்குது, கம்பி எவ்வளவு நீளம், அடியில இருக்கிற பலகை எப்படி அதிருது, பக்கத்துக் கம்பி எப்படிச் சேந்து முனகுதுன்னு கணக்கை எழுதி வெச்சிருக்கு. நீங்க கட்டையை அமுக்கறப்ப அந்த நிமிசத்துலதான் கணக்குப் போட்டுச் சத்தத்தை உண்டாக்குது. விதை மாதிரின்னு வெச்சுக்கங்க. கைப்பிடிதான் இருக்கும், போட்ட மண்ணைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் முளைச்சு வரும்.

இதெல்லாம் பேச்சு. காது என்ன சொல்லுதுன்னு பாக்கணுமில்ல? நான் திண்ணையில முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டேன். கட்டை அதேதான், ஸ்பீக்கரும் அதேதான். பையன் ஒரு தடவை பெட்டிச் சத்தம், ஒரு தடவை லேப்டாப் சத்தம்னு சொல்லாம மாத்தி மாத்தி வாசிச்சான்.

முதல் சுத்துல நான் தோத்தேன். நாலு கட்டையைச் சேத்து ஒரே அமுக்கு அமுக்கினான். "இதுதான் நிஜப் பியானோ"ன்னு அடிச்சுச் சொன்னேன். அது பழைய பெட்டி. ஏன்னா அதுல ஒரு பளபளப்பு இருக்கு. ஒரு அடியில காதைப் பிடிக்கற மாதிரிதான் அந்தச் சத்தத்தை அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சிருக்கான். கடையில வாங்க வர்றவன் ஒரு அமுக்குத்தானே அமுக்கிப் பாப்பான்! லேப்டாப் சத்தம் முதல்ல கேக்கறப்ப எனக்குக் கொஞ்சம் மரக்கட்டையாட்டம், போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் மேல் கட்டைகள்ல எனக்கு அந்தச் சந்தேகம் போகலை.

ரெண்டாவது சுத்துல ஒரே கட்டையைப் பத்துத் தடவை தட்டினான். இங்கதான் காங்கோக்காரன் காது வேலை செஞ்சுது. தோல் வாத்தியத்துல ரெண்டு அடி ஒரே மாதிரி விழாதுங்க. ஒரே விரல், ஒரே இடம்னு நீங்க நினைச்சாலும் விழாது, முன்னாடி அடிச்சதோட அதிர்வு இன்னும் அடங்காம இருக்கும், அது மேல அடுத்தது விழும். பழைய பெட்டியில பத்து அடியும் ரப்பர் ஸ்டாம்பு குத்தின மாதிரி பத்தும் ஒண்ணு. லேப்டாப்புல பத்தும் வேற வேற. இதைச் சொல்லிப் புரிய வெக்க முடியாது, தாளம் போட்டவனுக்குச் சட்டுனு தெரியும். அதுக்கப்புறம் நான் ஒரு தடவை கூடத் தப்பாச் சொல்லலை.

மூணாவது ஒண்ணு காட்டினான். அடிக்கட்டை ஒண்ணை அமுக்கி, விடாமப் பிடிச்சு, சத்தம் முழுசா அடங்கட்டும்னு காத்திருந்தான். பிடிச்சது பிடிச்சபடி இருக்க, அதுக்கு மேல் ஸ்தாயிக் கட்டையை வெடுக்குனு தட்டிக் கையை எடுத்தான். பழைய பெட்டியில, எடுத்தவுடனே சுத்தமா அமைதி. லேப்டாப்புல தட்டின கட்டையை விட்ட பிறகும் அதோட சாயல்ல மெல்லிசா ஒரு முனகல் நிக்குது. அமுக்கிப் பிடிச்சிருந்த கம்பி பதில் சொல்லுது. ஈரோட்டு டீச்சர் வீட்டுப் பியானோவுல பெடலை மிதிச்சுட்டுப் பெட்டிக்குள்ள "ஓ"ன்னு கத்தினா அதுவும் "ஓ"ங்கும், அம்மிணி சொல்லியிருக்கு. அதேதான் இது. கிணத்துக்குள்ள கூப்பிட்டுப் பாத்தவங்களுக்கு இந்தச் சந்தோசம் தெரியும்.

அப்புறம் அம்மிணியை உக்காரச் சொன்னோம். பரிச்சைப் பாட்டு. முதல்ல அது எப்பவும் வாசிக்கிற சத்தத்துல வாசிச்சுது, எப்பவும் போல நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்தது லேப்டாப்.

டீச்சர் வீட்டுல கேட்ட அதே கல்லுடைப்பு.

அம்மிணி பாதியில நிறுத்திட்டு என்னைப் பாத்துது. பையனுக்குச் சந்தேகம். "அம்மிணி, நீ எப்பவும் எந்த நம்பர் சத்தத்துல வாசிப்பே?"ன்னு கேட்டான். அது சொல்லுச்சு. கம்பெனி போட்ட பியானோ இல்லை அது. என் கூட்டாளி அவனாவே திருத்தி, பயனாளர் இடத்துல பதிச்சு வெச்சது. அவன் பேர்ல முதல் நாலு எழுத்தை இங்கிலீசுல போட்டு வெச்சிருந்தான். அந்த நம்பரை நாந்தான் அம்மிணிக்குக் காட்டிக் குடுத்தேன். "இது உங்கப்பன் சத்தம் கண்ணு, வேற எதையும் போட்டு மாத்திராதே"ன்னு ஒன்பது வயசுக் குழந்தைகிட்டச் சொன்னதும் நாந்தான்.

பையன் திருத்தற பக்கத்துக்குள்ள போய்ப் பாத்தான். பாத்துட்டுச் சிரிச்சான், அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டான். மெதுவா அமுக்கினாலும் பலமா அமுக்கினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம் வர்ற மாதிரி என் கூட்டாளி அதை வெச்சிருக்கான். அடிச்சத்தத்தை வெட்டி, மேல் சத்தத்தை ஏத்தி, ரெண்டு பியானோவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கான். கம்பெனி போட்ட பியானோவுலயாவது மெதுவா அமுக்கினா மெதுவா வரும், இதுல அதுவும் இல்லை. ஆறு வருசம் அம்மிணி என்ன எடையில அமுக்கினாலும் அந்தப் பெட்டி "சரி சரி"ன்னு ஒரே பதிலைச் சொல்லியிருக்கு. விரலுக்கு எப்படி எடை தெரியும்?

அவன் எதுக்கு அப்படி வெச்சான்னு எனக்குத் தெரியும். அந்த மேடைகளைப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ரேடியோ செட்டுக்காரர் நாலு குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்துல கட்டியிருப்பார். பக்கத்துல ஜெனரேட்டர் உறுமும். ஒரு பக்கம் நான் காங்கோ, இன்னொரு பக்கம் டிரம், முன்னால பாடகர் தொண்டை கிழியப் பாடுவார். இதுக்கு நடுவுல மெதுவா வாசிச்ச கட்டை எவன் காதுல விழும்? குழாய் ஸ்பீக்கர்ல அடிச்சத்தம் வராது, வெறும் கரகரப்புத்தான் மிஞ்சும். அதனால வெட்டினான். எல்லாக் கட்டையும் கடைசி வரிசையில முறுக்கு விக்கறவருக்கும் கேக்கணும்னு ஒரே பலத்துல வெச்சான். எத்தனையோ ராத்திரி, கச்சேரி முடிஞ்சு டெம்போவுல வர்றப்ப டார்ச் வெளிச்சத்துல அந்த எண்களைத் தட்டித் தட்டித் திருத்திட்டு வருவான். அவன் வேலைக்கு அது சரி. அதைக் கொண்டுபோய் ஒரு குழந்தை கையில பாடப் புத்தகமாக் குடுத்தது என் தப்பு.

இதை அம்மிணிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் தவிச்சேன். உங்கப்பன் சத்தம் உன் கையைக் கெடுத்திருச்சுன்னு சொல்ல முடியுமா? கடைசியில புளியமரம், குழாய் ஸ்பீக்கர், முறுக்குக்காரர் எல்லாத்தையும் சொன்னேன். அது கேட்டுட்டு, "அப்ப எங்கப்பாவுக்கு மெதுவா வாசிக்கத் தெரியுமா மாமா?"ன்னு கேட்டுது. தெரியும்னேன். ஒத்திகையில சாயங்காலம் நாங்க டீ குடிக்கறப்ப தனியா உக்காந்து வாசிப்பான். அப்ப வேற நம்பர் போட்டுக்குவான்.

முதல்ல பியானோடெக்கோட இலவச மாதிரியை ஏத்திக் குடுத்தான் பையன். அதுல 20 நிமிசத்துக்கு ஒரு தடவை நின்னுடும், சில கட்டைகள் ஊமையா இருக்கும். அம்மிணி அந்தக் கட்டை வர்ற இடத்துல வாயால பாடிட்டு மேல வாசிக்கும். வாங்கணும்னா இருக்கறதுலயே குறைஞ்ச விலைக்கே நூறு யூரோவுக்கு மேல, நம்ம காசுல பத்தாயிரத்தைத் தாண்டுது. எனக்கு அப்பத்தான் போர் மோட்டார் காயில் எரிஞ்சு ரீவைண்டிங்குக்குப் போயிருக்கு. பணத்தைக் குடுக்க நான் கிளம்பினா, அம்மிணியோட அம்மா ஒத்துக்கலை. தையல் மெஷின் மிதிச்சுச் சேத்த சீட்டுப் பணத்துல பாதியைக் கொண்டாந்து வெச்சுட்டு, "பாதிதாண்ணா உங்களுது"ன்னுடுச்சு. பையன் தன்னோட பழைய லேப்டாப்பைக் குடுத்தான்.

வாங்கினதும் எல்லாம் சரியாயிடலை. மொதல் தொல்லை, கட்டையை அமுக்கினா சத்தம் பிந்தி வந்துச்சு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல ஆச்சு, தாளக்காரனால அதைச் சகிக்க முடியாது. பையன் போன்லயே சொல்லச் சொல்ல, தனியா ஒரு டிரைவர் ஏத்தி, பஃபர்ங்கற எண்ணை 512க்குக் குறைச்சோம். நொடிக்கு 44,100 துண்டாச் சத்தத்தை வெட்டறதால 512 துண்டுன்னா சுமார் 12 மில்லி செகண்ட். சத்தம் காத்துல ஒரு மில்லி செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு அடி தூரம் போகும். அப்ப இது, வாத்தியத்துல இருந்து பன்னெண்டு அடி தள்ளி உக்காந்து கேக்கற மாதிரி. மேடையில அவ்வளவு தூரம் நாங்க தள்ளி உக்காந்ததுண்டு, அது பரவால்ல. 256க்குக் குறைச்சா இன்னும் நல்லாருக்கும், ஆனா பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கி, பொரி வறுக்கற மாதிரி படபடன்னு சத்தம் வருது.

ரெண்டாவது தொல்லை தீரவே தீராது. மென்பொருள் சத்தத்தைத்தான் மாத்தும், கட்டையோட எடையை மாத்தாது. நிஜப் பியானோவுல கட்டையை அமுக்கினா அந்தப் பக்கம் சுத்தியல் ஏறுது, அந்தப் பாரம் விரலுக்குத் தெரியும். நம்ம கட்டை அடியில ரப்பர்தான், பொசுக்குனு இறங்கும். பாரம் வெச்ச கட்டையோட 88 கட்டைப் பெட்டி வாங்கணும்னா அது வேற கணக்கு. அதுக்கு அடுத்த மஞ்சள் வரட்டும். இதுக்கு நடுவுல ஒரு கட்டை மட்டும் எப்படி அமுக்கினாலும் கத்துச்சு. கழட்டிப் பாத்தா அடியில இருக்கிற ரப்பர் தொடுப்புல அழுக்கு. துடைச்சதும் சரியாயிடுச்சு. இத்தனை வருசமா அந்த அழுக்கையும் சேத்துத்தான் என் கூட்டாளியோட சத்தம் மறைச்சு வெச்சிருக்கு.

பங்குனியில எங்க ஊர் மாரியம்மன் நோம்பி. சத்தியில இருந்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வந்திருந்தாங்க. ரெண்டு பாட்டுக்கு அம்மிணியை வாசிக்க விடறதுன்னு கமிட்டியில பேசி வெச்சிருந்தாங்க. அது பெருமையா லேப்டாப்பும் கையுமாப் போச்சு. சாயங்காலம் ஒத்திகையில பாத்தா, பியானோவைக் காணோம்! வாசிக்குது, லேப்டாப் திரையில கட்டையெல்லாம் ஆடுது, ஆனா டிரம்மும் பேஸும் சேந்தவுடனே பியானோ சோத்துல போட்ட உப்பாட்டம் கரைஞ்சு போகுது. ஒலியை ஏத்தினா ஊளை வருது. வீட்டுல அவ்வளவு அழகாக் கேட்ட முனகல், அதிர்வு எல்லாம் இங்க வெறும் மப்பு. ரேடியோ செட்டுக்காரர், பழைய ஆளு, பையன்கள் கிட்ட வேலையைக் குடுத்துட்டுச் சேர்ல உக்காந்திருந்தவர், "பியானோ வெளியவே வல்லியே ஆத்தா"ன்னார்.

அம்மிணி என்னைக் கேக்கவே இல்லை. மிடி ஒயரைப் புடுங்கிட்டு, ஆடியோ ஒயரைக் கீபோர்டுல குத்தி, அந்த நம்பரைப் போட்டு அமுக்குச்சு.

ரேடியோ செட்டுக்காரர் சேர்ல இருந்து எந்திரிச்சிட்டார். "அட, இது அவன் பியானோவாச்சே!"ன்னார். கச்சேரியில அந்த ரெண்டு பாட்டும் டிரம்முக்கு மேல ஏறி, ஜெனரேட்டருக்கு மேல ஏறி, தேர்முட்டி வரைக்கும் ஒவ்வொரு கட்டையும் எண்ணிக்கை மாறாமக் கேட்டுச்சு. நான் கூட்டத்துக்குப் பின்னாடி, முறுக்குக் கடையோரமாப் போய் நின்னுக்கிட்டேன்.

கச்சேரி முடிஞ்சு பெட்டியை அணைக்கறப்பதான் அம்மிணி காட்டுச்சு. திரையில பேட்டரி குறைவுன்னு வந்திருக்கு. உள்ளுக்குள்ள வாட்ச்சுக்குப் போடற மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்குதுங்க, அவன் திருத்தி வெச்ச எண்களை அதுதான் காப்பாத்திட்டிருக்கு. அது தீந்தா, கம்பெனி போட்டது மட்டுந்தான் மிஞ்சும், அவனோடது அழிஞ்சிரும். பேட்டரியை மாத்தறதுக்குக் கழட்டினாலும் அழியலாம். அவன் பிளாப்பியில எடுத்து வெச்சிருந்தான், போட்டுப் பாத்தா பூஞ்சை பிடிச்சுப் படிக்கவே மாட்டேங்குது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விடியக்காலை நாலரைக்குப் பையனுக்குப் போன் போட்டேன். எதிர்முனையில, "பெரியப்பா, யாருக்கு என்னாச்சு?"ன்னு பதறிட்டான்.

அந்த மிடி ஒயர் வழியாவே எடுத்துரலாம்னுட்டான். கீபோர்டுல ஒரு கட்டளை குடுத்தா, தனக்குள்ள இருக்கிற எண்களை வரிசையா ஒப்பிச்சு ஒயர்ல அனுப்பும், லேப்டாப் எழுதி வெச்சுக்கும். அவன் வந்து செஞ்சு முடிக்கிற வரைக்கும் பெட்டிக்குப் பக்கத்துல யாரையும் விடலை நான். திரையில ஏதோ ஓடுச்சு, நின்னுச்சு. அவ்வளவுதான். "அப்பாவோட பியானோ மட்டும் எவ்வளவு பெருசு?"ன்னு அம்மிணி கேட்டுது. ஒரு கேபியைக் கூடத் தொடாதுன்னான். இங்க ஒரு பத்தி எழுதறதை விடக் கம்மி. அவன் டெம்போவுல டார்ச் அடிச்சுத் திருத்தினது மொத்தமும் அவ்வளவுதானான்னு எனக்கு என்னவோ போல ஆச்சு. மூணு இடத்துல நகல் எடுத்து வெச்சோம். ஒண்ணு என் போன்லயும் இருக்கு, எனக்கு அதைத் திறக்கத் தெரியாது. அப்புறந்தான் கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்டக் குடுத்துப் பேட்டரி மாத்தினோம். பயந்த மாதிரியே எல்லாம் அழிஞ்சுதான் வந்துச்சு. திருப்பி ஏத்தினோம். நாலெழுத்துப் பேர் திரையில வந்துச்சு.

பரிச்சை இன்னும் வரலை. அம்மிணி காலையில அஞ்சு மணிக்கு வந்துருது. நான் பால் கறக்கற நேரம். முன்னெல்லாம் அது வாசிக்கறது மோட்டார் ரூம் வரைக்கும் கேக்கும், மடை மாத்திட்டே கேட்டுட்டிருப்பேன். இப்ப லேப்டாப்புல மெதுவாப் பழகுது. ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, கட்டைக்கு வலிக்குமோன்னு பயந்த மாதிரி அமுக்குது. மாட்டுத் தாழ்வாரம் வரைக்கும் கூடக் கேக்கறதில்லை. சொம்புல பால் விழற சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தினாத்தான், உள்ள ஆள் இருக்கறதே தெரியுது. நேத்து அப்படி நிறுத்திட்டுக் கேட்டுட்டிருந்தேன். மாடு திரும்பிப் பாத்துச்சு.